கயிற்றில் வந்த பதில்

கண்ணைத் திறக்காதே. திறந்தாலும் பார்க்க ஒன்றும் இல்லை. மூக்குக்கு நாலு விரல் மேலே வெள்ளைக் கூரை, அவ்வளவுதான். எத்தனை பேருக்கு நீயே சொல்லியிருக்கிறாய்... கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மொட்டைமாடியில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று. இப்போது நீ நினை, பார்ப்போம்.

இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இசக்கிச்செல்வி எம்.ஆர்.ஐ. ஸ்கேனரின் குழாய்க்குள் படுத்திருந்தாள். இது கட்டிவிட்ட கதை இல்லை. நடுச்சாமத்தில் நடந்ததும் இல்லை. ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. நம்பாதவர்கள் விட்டுவிடலாம். அவள் யாரையும் நம்பச் சொல்லிக் கேட்டதில்லை.

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு மூளை ஆராய்ச்சி மையம். அங்கே அவள் வேலைக்குப் பெயர் 'பயனாளர் உதவி'. ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களிடம் எந்த முறையில் படம் எடுத்தால் என்ன தெரியும் என்று சொல்வாள். அதற்கேற்ற மாதிரி ஸ்கேனரைத் தயார் செய்வாள். படம் பாழானால் திட்டு வாங்குவாள்.

அப்போது நடந்துகொண்டிருந்தது டாக்டர் கிருபாநிதியின் ஆராய்ச்சி. சங்கு குளிக்கிறவர்களின் மூளையைப் பற்றியது. மூச்சை அடக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் கூடும். படத்தில் அது ஏறுமுகமாகத் தெரியும். மூச்சு விட்டால் இறங்கும். காலமெல்லாம் கடலுக்குள் கிடந்தவர்களுக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே படுத்து, திரையில் எழுத்து வருகிறபடி மூச்சை அடக்கவும் விடவும் வேண்டும். எளிய முறைதான்.

ரப்பர் பந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது. உள்ளே படுக்கிறவர் கையில் ஒரு பந்தைக் கொடுப்பார்கள். முடியவில்லை என்றால் அமுக்க வேண்டும். மணி அடிக்கும், வெளியே எடுத்துவிடுவார்கள். முதலில் வந்து படுத்தவர் கயத்தான், முப்பது வருடம் சங்கு குளித்தவர். ஸ்கேனரை இயக்குகிற முத்துச்செல்வம் ஒலிபெருக்கியில் "நல்லாயிருக்கியளா?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் பந்தை அமுக்கினார். மணி அடித்தது. ஸ்கேன் நின்றது. மறுபடி தொடங்கினால் மறுபடி மணி.

"ஏன் அண்ணாச்சி அமுக்குதிய?" என்றாள் இசக்கிச்செல்வி.

"நீங்க கேக்கிய, நான் நல்லாயிருக்கேன்னு பதில் சொல்லுதேன். அதுக்குப் போயி மிசினை நிப்பாட்டுனா எப்படி மேடம்?"

முத்துச்செல்வம் சிரித்துவிட்டான். கயத்தானுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, கடலுக்குள்ள வந்து பாரு. அங்கன சிரிப்பு வருதான்னு பாப்பம்."

பிறகு அவரே விளக்கினார். சங்கு எடுக்கிற குளியாளி இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவர் அதைப் பிடித்திருப்பார். அவர் ஒருமுறை சுண்டி இழுத்தால் 'நல்லாயிருக்கியா' என்று கேட்கிறார். கீழே இருக்கிறவன் ஒருமுறை சுண்டினால் 'நல்லாயிருக்கேன்'. விடாமல் சுண்டினால் 'தூக்கு'. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அந்தக் கைகள் சும்மா இருக்காது.

அப்படியானால் கயிறே வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் இசக்கிச்செல்விதான். ஸ்கேனர் அறைக்கும் முத்துச்செல்வம் உட்காரும் அறைக்கும் இடையே உள்ள சுவரில், டியூப் விடுவதற்கென்று ஒரு துளை உண்டு. காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்புதான் ஆகாது, கயிறு ஆகும். கைக்குப் பழகின கயிறாகக் கொண்டுவாருங்கள் என்றாள். கயத்தான் மறுநாளே ஒரு பச்சை நைலான் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கள்கிழமை மற்ற குளியாளிகள் வருகிறார்கள். அதற்குள் யாராவது படுத்துப் பார்க்க வேண்டும். வேறு யார் படுப்பார்கள்? பந்து வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். பந்து கையில் இருந்தால் கயிற்றைச் சோதித்தது ஆகாது என்றாள்.

தலைக்கு மேல் கூண்டு மாதிரி மூடி. வயிற்றில் மூச்சை அளக்கும் பெல்ட். வலது மணிக்கட்டில் கயிறு. அது அவள் காலோரமாகப் போய், சுவர்த் துளை வழியே முத்துச்செல்வத்தின் கைக்குப் போனது. கனத்த கதவு சாத்திக்கொண்டது.

டக்... டக்... டக்...

பிறகு அந்த நீண்ட உறுமல். அது தொடங்கிவிட்டால் உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. அதற்காகத்தானே கயிறு.

கண்ணுக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் திரை தெரிந்தது. 'அடக்கவும்.' அடக்கினாள். 'விடவும்.' விட்டாள். மணிக்கட்டில் ஒரு சுண்டு. முத்துச்செல்வம் கேட்கிறான். அவளும் ஒருமுறை சுண்டினாள். நன்றாகத்தான் இருந்தது. தன் யோசனையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

'அடக்கவும்.'

அடக்கினாள். நேரம் போனது. எழுத்து மாறவில்லை. நெஞ்சு முட்டியது. கணினி உறைந்துவிட்டது, அடிக்கடி வருகிற கோளாறுதான் என்று நினைத்துத் தானாகவே மூச்சை விட்டாள். எழுத்து அப்படியே நின்றது.

'அடக்கவும்.'

முத்துச்செல்வம் கேட்பான் என்று காத்திருந்தாள். கயிறு அசையவில்லை. சரி, எடுக்கச் சொல்லிவிடலாம். விடாமல் சுண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

நான்காவது சுண்டலில் கயிறு தளர்ந்தது.

பிடியே இல்லாமல் அவள் பக்கம் வந்தது. நழுவவிட்டுவிட்டானோ? இன்னும் இழுத்தாள். வந்தது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. அந்தக் கயிறு ஓர் அறையின் நீளம்தான். அவளே அளந்து வெட்டியது. முனை வந்திருக்க வேண்டும்... வரவில்லை.

கயிறு ஈரமாக இருந்தது.

முதலில் தன் வியர்வை என்றுதான் நினைத்தாள். பிறகு குளிர்ந்தது. வயிற்றின் மேல் சுருள் சுருளாக விழுந்தது. கனத்தது. சிப்பி அழுகுகிற வாடை.

"முத்து!"

உறுமல்.

"ஏலே முத்து... எடுலே!"

கையைத் தூக்கினாள். கூரை இடித்தது. முழங்கையை மடக்க இடமில்லை. தலையைத் திருப்ப முடியவில்லை. கால் பக்கம் நழுவப் பார்த்தாள். வயிற்றின் மேல் இருந்த கனம் விடவில்லை.

அப்போது கயிறு சுண்டியது.

ஒருமுறை.

கால் பக்கத்திலிருந்து இல்லை... கயிறே இல்லாத தலைப் பக்கத்திலிருந்து.

அவள் பதில் சொல்லவில்லை.

கை தானாக அசைந்தது. அவள் அசைக்கவில்லை. அவள் விரல்களுக்கு மேல் வேறு விரல்கள்... ஊறி, வழவழத்து...

ஒரு சுண்டு.

கொஞ்ச நேரம்.

இன்னொரு சுண்டு.

'அடக்கவும்.'

உறுமல் நின்றபோது கதவு திறந்தது. பலகை வெளியே நகர்ந்தது. முத்துச்செல்வத்தின் முகம் மேலே தெரிந்தது, பல்லெல்லாம் தெரிய.

"யக்கா, பிரமாதம்! நான் கேக்கும்போதெல்லாம் டக்குடக்குன்னு ஒரு சுண்டு வருது. அண்ணாச்சி கயிறு கெட்டி!"

வயிற்றின் மேல் ஒன்றும் இல்லை. கயிறு காலோரமாக விறைப்பாக, கட்டினபடியே கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"மொதச் சுண்டுதான் நான்லே," என்றாள். "எடுக்கச் சொன்னேன். கத்துனேன்."

அவன் சிரிப்பு மெல்ல மெல்லத்தான் போனது. "விளையாடாதிய யக்கா. திரையும் ஒழுங்காத்தான் மாறிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். வயிற்று பெல்ட்டின் கோடு முதல் அடக்கலில் படுத்து எழுந்தது. இரண்டாவது அடக்கலில் படுத்தது. பிறகு எழவே இல்லை. பதினோரு நிமிடம், ஸ்கேன் முடியும் வரைக்கும் அப்படியே கிடந்தது.

"பெல்ட் நழுவியிருக்கும்," என்றான் முத்துச்செல்வம்.

அவள் மூளைப் படங்களைத் திறந்தாள். ரத்தத்தின் கோடு ஏறியது. ஏறியது. இறங்கவில்லை. பெல்ட் நழுவலாம். ரத்தம் நழுவாது. உள்ளே கிடந்த மூளை பதினோரு நிமிடம் மூச்சு விடவில்லை என்று அந்தப் படம் சொன்னது. அவளோ அந்த நேரமெல்லாம் தொண்டை கிழியக் கத்தினாள். இப்போதும் தொண்டை எரிந்தது.

'அப்படியென்றால் இது யாருடைய படம்?' அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்து, திங்கள்கிழமை பந்தே கொடுத்துவிடலாம் சார், மணி அடித்தால் அடிக்கட்டும் என்றாள். பிறகு கயத்தானைக் கூப்பிட்டாள்.

பொழுது சாயுமுன் வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைக் குலைத்தது.

"சிலுவைன்னு ஒருத்தன், அவன் கயிறும்மா இது. என் வீட்டுக்காரிக்குத் தம்பி. மூணு வருசம் ஆச்சு. அன்னைக்கு காத்து வர்ற கம்ப்ரசர் டியூபை வாயில வச்சி இறங்குனான். கயிறு என் கையில. கேக்கேன், ஒரு சுண்டு. திரும்பக் கேக்கேன், ஒரு சுண்டு. ஒரு மணி நேரம் பதில் சொன்னான். நேரமாச்சேன்னு நானாத்தான் இழுத்தேன். டியூப் வாயில இல்ல. ஒடம்பு வெறைச்சிக் கெடந்துச்சு. எறங்குன ஒடனேயே போயிட்டான்னு டாக்டர் சொன்னாரு."

முத்துச்செல்வம் மெதுவாகச் சொன்னான். "நீரோட்டம் இழுத்திருக்கும் அண்ணாச்சி."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாவ. நான் கேட்ட பொறவுதான் நீரோட்டம் இழுக்குமாலே?"



"இத எதுக்கு எங்ககிட்ட குடுத்திய?" என்றாள் இசக்கிச்செல்வி.

"கடல்ல போடக் கை வரல. வீட்டுலயும் வைக்க முடியல. இங்கன மிசின் இருக்கு, படிச்சவிய இருக்கிய. அன்னைக்கு எனக்குப் பதில் சொன்னது அவன்தானா, வேற எதுவுமான்னு... நானும் மூணு வருசமா சுண்டிப் பாக்கேன். எனக்குச் சொல்ல மாட்டேங்கான்."

கயிறு இன்னும் சுவர்த் துளையில்தான் இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவே உள்ள கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம், அதன் மறுமுனை ஆளில்லாத பலகை மேல் கிடந்தது. கயத்தான் இந்த முனையை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, அவளிடம் நீட்டினார்.

"ஒங்ககிட்ட வந்திருக்கான். ஒருக்கா கேளுங்கம்மா. ஒரே ஒரு சுண்டு. அவன்தானான்னு தெரிஞ்சா போதும், நான் தூங்கிருவேன்."

அவள் கயிற்றைப் பார்த்தாள். பதில் வராமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமில்லை. வரும். முத்துச்செல்வம் கேட்டபோது வந்த அதே பதில்தான் வரும். அந்த முனையில் இருப்பவர் மூச்சு முட்டிக் கிடந்தாலும், விறைத்துக் கிடந்தாலும், 'நல்லாயிருக்கேன்' என்றுதான் வரும். பதில் சொன்னது சிலுவையா வேறு எதுவுமா என்று அதில் தெரியாது; அது இவரைத் தூங்க விடாது.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இல்ல அண்ணாச்சி," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "நான் கேக்க மாட்டேன்."