வரேன் என்றால் இழுத்துவிடுவார்கள்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பட்டம் உண்டு: பாதியில் திரும்பி வருகிறவள். சின்ன வயதில் நாகப்பட்டினத்தில் கன்னியர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். ஒரு வாரம்கூட ஆகவில்லையாம், அழுது ஊரைக் கூட்டிவிட்டேனாம், அப்பா வந்து அழைத்துப் போனாராம். அதற்குப் பிறகு நான் எதைத் தொட்டாலும் வீட்டில் யாராவது ஒருவர், "பாப்போம், எத்தன நாளைக்கு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தையல் வகுப்பிலிருந்தும் பாதியில்தான் வந்தேன். தையல் சொல்லிக்கொடுத்த அம்மாள் ஸ்கேலால் கையில் அடித்தாள், எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பெயர் திரும்பி வருவதா? பின்னே, கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டுமா? இதையெல்லாம் கேட்க வீட்டில் ஆளில்லை.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் எங்கள் தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். கப்பலேறி சைகோன் வரை போனவர், மகள் சென்னைக்குப் போகிறேன் என்றபோது மட்டும் தூரத்தைப் பற்றிப் பேசினார். எனக்கு உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்குப் போக வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. பட்டப்படிப்பு முடியப் போகிறது. போலகத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஈஸ்டர் கழிந்ததும் பேசலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். விசில் ஊதுகிற பெண்ணை அவர்கள் எடுப்பார்களா என்பதுதான் அப்பாவின் கவலை. எடுக்காவிட்டால் போகட்டுமே என்பது என் கட்சி.

அந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரியில் ஆனைமலைப் பக்கம் காட்டு முகாம் என்று அறிவித்தார்கள். காட்டுக்குள் நடை, அருவிகள், கடைசி நாளில் பள்ளத்துக்கு மேலே கட்டியிருக்கும் கம்பிவடத்தில் கப்பியில் தொங்கியபடி அக்கரைக்குப் போவது. கூட வருகிற பேராசிரியை அம்மா இதை வீட்டுக்கே வந்து சொன்னபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"இவளா? பாதிக் கயித்துல எறக்கி வுடுங்கன்னு கத்துவா."

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. "போயிட்டா என்ன தருவீங்க?" என்றேன்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். "அந்தாண்டக் கரையில போயி நின்னேன்னு உங்க டீச்சர் வந்து சொல்லட்டும். அப்பறம் ஒன்ன நான் தடுக்கல. மெட்ராசோ எதுவோ, ஒன் இஷ்டம். ஆனா திரும்பி வந்தே, போலகத்துக்குச் சரின்னு சொல்லிடுவேன். அதுக்கப்பறம் பேசப்படாது."

"சரி" என்றேன். பேராசிரியை அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

புறப்படுகிற அன்று வாசலில் என் வாய் தவறியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போறேம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா பல்லைக் கடித்தாள். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் அம்மாவிடம் மன்னிப்பே கிடையாது. பால் வாங்கப் போனாலும் சரி, பூசைக்குப் போனாலும் சரி, "வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். போறேன் என்றால் போனது போனதுதான், வீடு திரும்பாது என்பது அவள் கணக்கு. எத்தனையோ முறை தெருமுனையிலிருந்து கூப்பிட்டு, படியேற வைத்து, சொல்லைத் திருத்திய பிறகுதான் அனுப்பியிருக்கிறாள்.

"என்னடி சொன்ன?"

"வரேன், வரேன், வரேன்."

"ம். போயிட்டு வா." நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்பினாள்.

மாயவரம் வரை பஸ், அப்புறம் ரயில், அப்புறம் மறுபடியும் பஸ். மலை என்று ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் மாதா கோயில் மணிக்கூண்டுதான். முகாமை நடத்தியவர் பட்டாளத்தில் பயிற்சி கொடுத்துவிட்டு வந்த கொங்கு நாட்டுக்காரர். மாஸ்டர் என்று கூப்பிட்டோம். அவர் முன்னே நடக்க, நாங்கள் காரைக்கால் பெண்களும் வேறு கல்லூரிப் பையன்களும் வரிசையாகப் பின்னே போனோம். மரங்களுக்கு நடுவே பகலிலும் இருட்டு. கால் வைத்த இடமெல்லாம் ஈரச் சருகு, சருகைத் தூக்கினால் அட்டை. காலுறைக்குள் புகுந்து குடித்துவிட்டு அது பாட்டுக்கு விழுந்து போகும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அந்த இடம் மகா பிடித்துப் போயிற்று. யாரும் நட்டு வளர்க்காத மரம் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

முதல் அருவியில் என் மானம் போனது. பாறைமேலிருந்து அவ்வளவு தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும், "எப்ப மாஸ்டர் தொறந்து வுட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எதைக் கண்ணு?"

"மதகத்தான்."

பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். காவிரியின் கடைசியில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் மேலே யாரோ திறந்துவிட்டால் வருவது, அடைத்துவிட்டால் நின்றுபோவது. முறை போட்டு விடுகிற தண்ணீருக்கு எத்தனை ஊர்ச் சண்டையைப் பார்த்திருக்கிறோம்! திறக்கவும் ஆளில்லாமல் அடைக்கவும் ஆளில்லாமல் ஒரு தண்ணீர் தன் பாட்டுக்கு விழுகிறது என்றால் எனக்கு எப்படித் தெரியும்? "எங்க ஊருக்கு வந்து உப்புத் தண்ணியக் குடிச்சுப் பாருங்கடா, அப்பறம் சிரிக்கலாம்" என்றேன். அன்று முழுக்க என்னை 'மதகு' என்றே கூப்பிட்டார்கள்.

கடைசி நாள் பெரிய அருவிக்குப் போனோம். அதன் பக்கத்திலேயே ஆழமான பள்ளம். இந்தப் பக்கப் பாறையிலிருந்து அந்தப் பக்கம் சற்றுத் தாழ்வான பாறைக்குக் கம்பிவடம் ஓடியது. வடத்தில் கிணற்றுக் கப்பி மாதிரி ஒன்று, அதிலிருந்து இடுப்புக்கும் தொடைக்கும் வார். வாரின் முதுகுப் பக்கம் இன்னொரு கயிறு கட்டி, அதை ஒரு மரத்தில் சுற்றி மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அவர் விட விட நாம் சரிந்து போவோம். எதிர்க்கரையில் அவருடைய ஆள் நின்று பிடித்துக்கொள்வான்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் மாஸ்டர். "போறேன்னு சத்தம் போட்டா வுடுவேன். நடுவுல பயந்துபோட்டா வரேன்னு கத்துங்க, இழுத்துப்போடுவேன். இந்த ரெண்டு வார்த்தை தவிர வேற ஒண்ணும் வேண்டாம். அருவி போடற சத்தத்துல வேற ஒண்ணும் காதுல வுழுகாது."

எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக, "போறேன்!" என்று கத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். என் முறை வந்தது. வாரை இறுக்கினார். பாறை விளிம்பில் உட்கார வைத்தார். கீழே பார்த்தேன், தண்ணீர்ப் புகைதான் தெரிந்தது. பயமா என்றால் பயம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அப்பாவின் சிரிப்பு காதில் பெரிதாகக் கேட்டது. "போறேன்!" என்றேன். கால் பாறையை விட்டது.

அடுத்த நொடி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன வார்த்தை சொல்லிவிட்டேன்! அடியில் பாதாளம், தலைக்கு மேல் ஒற்றைக் கம்பி, இந்த நேரத்திலா போறேன் என்று சொல்வது? இருபது வருடமாக அம்மா திருத்திய வாய் யோசிக்கவே இல்லை.

"வரேன்! வரேன்! வரேன்!"

முதுகில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. நான் பள்ளத்துக்கு நடுவில் நின்றுவிட்டேன். சாரல் முகத்தில் அடிக்கிறது, அக்கரையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆள் என்னை விட்டு விலகி விலகிப் போகிறான். எனக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, இல்ல! அது சும்மா சொன்னது! வுடுங்க மாஸ்டர்!" என்று கத்தினேன். இந்த இரண்டு வார்த்தை தவிர வேறு எதுவும் காதில் விழாது என்று அந்த மனுஷன் சொன்னது பொய்யில்லை. பின்பக்கமாக இழுத்துக் கொண்டுவந்து பாறைமேல் போட்டார்.

"பரவால்ல கண்ணு, பயப்படாதே. தண்ணி குடி."

"நான் பயப்படல!"

"மதக அடைச்சாச்சுடா" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியை அம்மா ஓடிவந்து என் வாரை அவிழ்க்கப் போனார். அவருக்கு என் வீட்டுப் பந்தயம் தெரியும். முகம் சுண்டிப்போயிருந்தது. நான் வாரின் கொக்கியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, அந்த ஈரப் பாறையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நான் மறுபடி போவணும்."

"ஒருக்காத் திரும்புனவங்கள மறுக்கா அனுப்பறதில்லீங்க" என்று மாஸ்டர் பேராசிரியை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "பயந்த புள்ள மேல என்ன பண்ணும்னு சொல்ல முடியாதுங்க."

"அவங்ககிட்ட என்ன சொல்றீங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க. நான் பயந்து கத்தல. எங்க வீட்டுல போறேன்னு சொன்னா அடி விழும். வாய் தவறிச் சொல்லிட்டா வரேன்னு மாத்திச் சொல்லணும். அதத்தான் மாத்திச் சொன்னேன். நீங்க எதுக்கு மாஸ்டர் இப்படி ஒரு வார்த்தய வெச்சீங்க? ஊரு ஒலகத்துல யாரு பொறப்படறப்ப போறேன்னு சொல்வா? ஒங்க வீட்டுல சொல்வீங்களா?"

சிரிப்பு அடங்கியது. மாஸ்டர் கயிற்றின் நுனியை மரத்தில் முடிந்தார்.

"இல்லீங்" என்றார், எனக்கா பேராசிரியைக்கா என்று தெரியவில்லை. "எங்கூட்டுலயும் வரேன்னுதாஞ் சொல்லுவோம். பட்டாளத்துக்குக் கெளம்பறப்பக்கூட எங்கம்மாகிட்ட அப்படித்தாஞ் சொன்னேன்." பிறகு என்னைப் பார்த்தார். "மத்தவங்க எல்லாம் போய் முடிக்கட்டும். நீ கடைசியாப் போ. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை மாத்திச் சொன்னே, இழுத்துப்போட்டு முகாமையே மூடிப்போடுவேன்."

கப்பியை மட்டும் கழற்றி, மற்றவர்களை வேறொரு வாரில் மாட்டி அனுப்பினார். கடைசி ஆள் போகும்வரை நான் என் வாரின் கொக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் விளிம்புக்கு வந்து உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றார்.

நாக்கு எழவில்லை. வேண்டுமென்றே அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. முன்னெல்லாம் யோசிக்காமல் வந்தது, இப்போது நானாகச் சொல்ல வேண்டும். அம்மா முகம் வந்து நின்றது. தள்ளு அந்தப் பக்கம் என்றேன் மனசுக்குள்.

"போறேன்!"

கால் விட்டது. வாய் பழக்கத்தில் அடுத்த வார்த்தைக்குத் திறந்தது, அதற்குள்ளும் போறேனையே வைத்து அடைத்தேன். "போறேன்! போறேன்! போறேண்டா!" என்று அந்தப் பையன்களுக்கும் சேர்த்துக் கத்தினேன். கப்பி கிரீச்சிட்டுக்கொண்டு ஓடியது. இடப்பக்கம் அருவி முழுசாக விழுந்துகொண்டிருந்தது, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல. மர உச்சிகள் காலுக்குக் கீழே போயின. எவனும் திறக்காத தண்ணீர் என் முகத்தில் அடித்து வாய்க்குள் போயிற்று. குடித்துக்கொண்டே கத்தினேன். எதிர்க்கரை ஆள் என்னைப் பிடித்து நிறுத்தியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் நான் அடக்கவில்லை.

ஊருக்கு வந்தால், சங்கதி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. காரைக்காலில் எதுதான் தங்கும்? பேராசிரியை அம்மா வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ணு அந்தாண்டக் கரையில நின்னா. நான் என் கண்ணால பாத்தேன்" என்றார்.

அப்பா நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்: "மொதல்ல பாதியில திரும்பி வந்தாளாமே?"

"நானா வரல. இழுத்தாங்க" என்றேன்.

"வரேன்னு கத்துனியாமே. அதனாலதான இழுத்தாங்க?"

"ஆமாம், கத்துனேன். இந்த வீட்டுல கத்துக்கிட்ட வார்த்த அது. அந்தப் பள்ளத்துக்கு நடுவுல அதத்தான் கத்துனேன். இழுத்துப் போட்டுட்டாங்க. மறுபடி போறேன்னு சொன்னேன், போயிட்டேன். திரும்பி வந்தா போலகம்னு சொன்னீங்க, அந்தாண்ட நின்னா தடுக்கலன்னும் சொன்னீங்க. ரெண்டும் பண்ணியிருக்கேன். கடைசியா எங்க நின்னேன்? அதச் சொல்லுங்க."

சமையலறை வாசலில் நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வைத்திருந்த தேங்காய்மூடியைத் துருவவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போலகத்துக்குத்தான் போனார் என்பதும், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார் என்பதும் இரண்டு நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. ஆனால் நான் கிளம்புகிற வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

சென்னைக்குக் கிளம்பிய அன்று டிரங்குப் பெட்டியை அண்ணன் முன்னால் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டான். அப்பா நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அம்மா வாசல் வரை வந்து நெற்றியில் சிலுவை போட்டாள். நான் படியிறங்கித் தெருவில் நின்று அவளை நேராகப் பார்த்தேன்.

"போறேம்மா."

செய்தித்தாள் மடங்கியது. "என்ன பேச்சு அது, பொறப்படற நேரத்துல? திருத்திச் சொல்லச் சொல்லுடி அவள" என்றார் அப்பா.

நான் திருத்தவில்லை. கூப்பிட்டுப் படியேற வைக்கட்டும், ஏறி நின்று மறுபடியும் அதையேதான் சொல்வது என்று நின்றேன். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உதடு அசைந்தது. எப்போதும் வருகிற "போயிட்டு வா" வரும் என்று காத்திருந்தேன்.

"போ" என்றாள் அம்மா.

போனேன்.