நடுப்பகலில் நின்ற மின்விசிறிகள்

"சார், நேத்துதான் உங்க பம்ப ஓட்டுனோம். நேத்தே பாதிக் கோழி செத்துப்போச்சு. ஃபேன நான் நிறுத்தல சார், சத்தியமா நிறுத்தல."

பொன்னமராவதிப் பக்கம் கோழிப்பண்ணை நடத்தும் வசந்தா போனில் அழுதபடி சொன்னது இது. அவர் கணவர் துபாயில் இருந்தார். குஞ்சு கொடுக்கும் கம்பெனி, பகலில் தூங்கிவிட்டார் என்று வசந்தா மேல் பழி போட்டிருந்தது. பழி நிலைத்தால் அடுத்த குஞ்சு வராது.

எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "போய்ப் பாருங்க. பம்ப் நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டு வந்துருங்க. கோழி நம்ம சப்ஜெக்ட் இல்ல."

நாங்கள் சோலார் பம்புக்கு டிரைவ் செய்கிறோம். பேனலில் இருந்து வரும் கரண்டை டிரைவ் வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். வெட்டுகிற வேகத்தில் பக்கத்து ஒயர்களில் வேண்டாத சிக்னல் ஏறும். அதை நாய்ஸ் என்போம்; காதில் கேட்காது. டிரைவ் எங்கள் ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன்பே அது எவ்வளவு வரும் என்று கம்ப்யூட்டரில் கணித்து, அதற்கேற்ற ஃபில்டரைச் சொல்வது என் வேலை. கேபிள் நீளக்கூட நாய்ஸும் கூடும். வசந்தாவின் பண்ணைக்கு டிரைவுக்குப் பக்கத்திலேயே போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, என்று ஆர்டரில் எழுதி வந்தது. அதற்குத்தான் கணித்தேன்.

போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் போரே இல்லை. "போர் எங்கம்மா?" என்றேன்.

"நீரோட்டம் பாக்குறவரு தேங்காய கையில வச்சு நடந்தாரு. இங்கிட்டு நிக்கல, ஷெட்டுக்கு அங்கிட்டு மூலையிலதான் தேங்கா நிமிந்துச்சு. அங்கயே போட்டுட்டோம். தண்ணி நல்லா வருது சார்."

இந்த மாவட்டத்தில் பேனல் வந்திறங்கிய பிறகும் போர் இடம் மாறும். அது ஊருக்கே தெரியும், எங்கள் ஆபீஸுக்குத் தெரியாது. மோட்டார் கேபிள் ஷெட்டின் முழு நீளத்துக்கும் போயிருந்தது. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அதை ஷெட்டின் வெப்பநிலை சென்சார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவ்வளவு நீளத்தின் நாய்ஸும் சென்சார் ஒயரில்தான் ஏறும்.

கம்பெனி சூப்பர்வைசரையும் வரவழைத்து, உச்சி வெயிலில் பம்பை ஓட்டினேன். கையில் இருந்த தெர்மாமீட்டர் நாற்பது காட்டியது. சென்சாரைப் பார்த்து ஃபேன்களை இயக்கும் ஷெட் போர்டில் இருபத்தாறு. குளிர்ச்சியாக இருக்கிறது என்று நம்பி ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பம்பை நிறுத்தினேன். போர்டு நாற்பதுக்கு ஏற, ஃபேன்கள் தானாக ஓடின. வெயில் ஏற ஏற டிரைவும் முழு பலத்தில் ஓடும். கோழிக்குக் காற்று எப்போது உயிரோ, அப்போதே ஃபேன்களை நிறுத்தியிருக்கிறது.

"எனக்கே வேர்த்துக் கொட்டுச்சு சார்," என்றார் வசந்தா. "ஃபேனைப் போடலாம்னு போனேன். போர்டுல கை வச்சா அடுத்த பேட்ச் கிடையாதுன்னு இந்த சூப்பர்வைசர்தான் சொல்லிருந்தாரு."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா மேல முடிவு பண்ணிட்டாங்க."

திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். அந்தக் கம்பெனியிடம் பேசச் சொன்னேன். "பேசுனா நாமதான் கொன்னோம்னு ஆயிரும்," என்று முடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

கேபிளைப் பிரித்து வேறு வழியாக மாற்றி, ஃபில்டர் போட மறுபடி போனேன். "போர்டு இப்ப சரியா காட்டுதான்னு பாத்துட்டுப் போங்க சார்," என்று வசந்தா கூட்டிப்போனார். பம்ப் ஓடியது. போர்டு சரியாகக் காட்டியது. காலி ஷெட்டில் அத்தனை ஃபேனும் ஓடின. "அவரு இன்னமும் துபாய்லருந்து போன்ல, தூங்கிட்டியாடின்னுதான் கேக்குறாரு," என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் டிரைவ் கேட்டாலும் கேபிள் நீளத்தை முதலில் கேட்காதீர்கள். போர் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் கணக்கைத் தொடாதீர்கள், முதலாளி எவ்வளவு கத்தினாலும் சரி.