கிராம்பு எண்ணெயில் குழைத்த பசை

தென்காசியில் பல் மருத்துவராக இருந்த காலத்தில், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்களை அவர்கள் கிளம்பும் வாரத்தில்தான் பார்ப்பேன். கல்யாணம், விருந்து, குற்றாலக் குளியல் எல்லாம் முடிந்து பெட்டி கட்டும்போதுதான் அவர்களுக்குப் பல் ஞாபகம் வரும்.

அவரும் அப்படித்தான் மனைவியோடு வந்தார். மறுநாள் விமானம். கீழ்க் கடைவாய்ப் பல்லைத் திறந்ததும் சீழ் வந்தது.

"தம்பி, இதப் பிடுங்கிரலாம்."

"வேண்டாம் சார். கன்னம் வீங்கிப் போனா, பொண்டாட்டி அடிச்சிட்டாளாலேன்னு அங்க உள்ள பயலுவ கேப்பானுவ. வலிய மட்டும் நிப்பாட்டி விடுங்க."

"அடிச்சாத்தான் என்னவாம்? வந்த அன்னைக்கே போங்கன்னு சொன்னேம்லா" என்றாள் அவள். மூவரும் சிரித்தோம்.

நான் விடாமல் வற்புறுத்தியிருக்க வேண்டும். அது முடியாதென்றால் வேரை நன்றாகக் கழுவி, வருடக்கணக்கில் தாங்கும் சிமெண்டால் அடைத்திருக்க வேண்டும். அதற்குப் பல்லை உலர்த்திக்கொண்டு பொறுமையாக உட்கார வேண்டும். அன்று சாரல், ஐந்தருவியில் என் உறவினர்கள் காத்திருந்தார்கள். துத்தநாகப் பொடியைக் கிராம்பு எண்ணெயில் குழைத்து அடைத்துவிட்டேன். அந்தப் பசை வலியைச் சட்டென்று அடக்கும். சில வாரங்களில் தேய்ந்துபோகும். அடுத்த வாரம் திரும்பி வருகிறவருக்கு வைக்க வேண்டியது. இவர் ஊர் திரும்ப இரண்டு வருடமாகும்.

"இது தற்காலிகந்தான், அங்க போய்க் காட்டிக்கிடுங்க" என்றேன். வலி நின்றவர் யாரும் போய்க் காட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

சில மாதங்களில் அவர் அங்கே இறந்துபோனார். தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சை அடைத்திருக்கிறது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும் அவர் மனைவி என்னைப் பார்க்க வந்தாள்.

"டாக்டர், பல்லு வலியில ஆளு மவுத்தாவுமா? திரும்பவும் வலிக்குதுன்னு போன்ல சொன்னாவ. உப்புத்தண்ணி வச்சுக் கொப்புளிங்கன்னு நாந்தான் சொன்னேன். அதுனாலயா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. லட்சத்துல ஒருத்தருக்கு இப்படி ஆயிரும்."

"ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நச்சரிச்சிருக்கணும்லா நான்?"

அந்தப் பசையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். என் பெயர் ஊரில் கெட்டுவிடுமே என்று மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். நான் கூப்பிடவில்லை.