இரண்டு முறை ஆட்டிய கை

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளுக்கு வாயும் காதும் நான்தான் என்பது சின்ன வயதில் எனக்கிருந்த ஒரே பதவி. இரண்டு வயது இளையவள் என்றாலும், அவளிடம் எதையாவது சொல்ல அம்மாகூட என்னைத்தான் கூப்பிட வேண்டும். மீசையை முறுக்கினால் அப்பா, மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. கட்டைவிரல் வாய்ப்பக்கம் போனால் தண்ணீர். அது உதட்டில் பட்டதா கன்னத்தில் பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. சாப்பிடும்போது நாங்கள் சிரித்தால் அவளும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்துவிட்டு என் முழங்கையை இடிப்பாள். நான் உள்ளங்கையை விரித்து இரண்டு முறை ஆட்டுவேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். சோறு ஆறிவிடுமே என்ற அவசரம் எனக்கு.

பத்து வயதில் அவளைக் கன்னியர்கள் நடத்திய காது கேளாதோர் பள்ளியில், விடுதியில் தங்கிப் படிக்கச் சேர்த்தார்கள். வகுப்பில் தொண்டையைத் தொட்டுத் தொட்டு "அம்மா" சொல்லப் பழக்கினார்கள். அந்த ஒரு சொல்லை அம்மா எங்கள் ஊர் தருமபுரம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். விடுதிப் பிள்ளைகளுக்குள் கைகளாலேயே வேறொரு பேச்சு ஓடியது எங்களுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, மே மாத விடுமுறையில் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. அக்காவின் பள்ளித் தோழியைத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து அவள் அண்ணன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

"சாயங்காலம் வந்து அழைச்சிக்கிறேங்க."

"வெயில் தாழ வாங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல," என்றாள் அம்மா.

இருவரும் கட்டிலில் எதிரெதிரே உட்கார, நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். வளைத்த அதே சுட்டுவிரல் தாடையில் பட்டால் ஒரு சொல், நெற்றியில் பட்டால் வேறு சொல், பட்ட இடத்திலேயே திருகினால் இன்னொன்று. மீசையும் இல்லை, மூக்குத்தியும் இல்லை. ஒரு எழவும் புரியவில்லை. தெரிந்தவள் மாதிரி நானும் கையைக் கண்டபடி வீசினேன். தோழி என் விரல்களை மடக்கி, கையைக் கன்னத்திலிருந்து தாடைக்கு நகர்த்தி வைத்தாள். இரண்டு விரற்கடை தூரம்தான். என் அக்காவோடு பேச எனக்கே ஒருத்தி சொல்லித்தருகிறாளா என்று கையை உதறினேன்.

அவர்கள் எதற்கோ குலுங்கிச் சிரித்தார்கள். நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். அவள் தோழியின் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளங்கையை விரித்து இரண்டு முறை ஆட்டினாள்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். கதவையும் சாத்தினேன். அறை இருட்டானதும் கை தெரியாமல் அவர்கள் பேச்சு அப்படியே நின்றது. அக்கா அடித்தொண்டையிலிருந்து அலறினாள். அம்மா ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"என்னடி பண்ணுன? அந்தப் புள்ள பயந்துபோயி ஒக்காந்திருக்கு!"

"என்னைச் சேத்துக்கவே மாட்டேங்குறாங்கம்மா."

அக்கா ஜன்னலைத் திறந்தாள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நான் கிணற்றடியில் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனியாக அதற்குமுன் நான் இருந்ததில்லை. எங்கள் பேச்சை அக்கா மறந்துவிட்டாள் என்று அழுதேன். அவள் ஒன்றையும் மறக்கவில்லை. நான் தினமும் சாப்பாட்டு வேளையில் அவளுக்குச் சொன்னதைத்தான், ஒரே ஒரு முறை, எனக்குத் திருப்பிச் சொன்னாள்.