வண்டி வந்துடுச்சா

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நாளாக அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். தரையைத் துடைத்த பினாயில் வாசனை எழுந்ததும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அப்போது அத்தா ஆஸ்பத்திரி வாசலில் பன் கடை வைத்திருந்தார். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையெல்லாம் புளியமரங்கள் வெட்டுண்டு கிடந்தன, பஸ் ஓடவில்லை. கல்வராயன் மலையிலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒருத்தி, டிஸ்சார்ஜ் ஆகியும் ஊருக்குப் போக முடியாமல் புருஷனோடும் குழந்தையோடும் வராந்தாவில் தங்கியிருந்தாள். நர்சம்மா பாய் கொடுத்திருந்தார். அம்மாவும் நானும் கஞ்சி கொண்டுபோவோம்.

நான்காம் நாள் அவள் மூட்டை கட்டிவிட்டாள்.

“பச்ச ஒடம்பு. பஸ்சு வுடட்டும், எங்க வூட்ல வந்து இரு,” என்றாள் அம்மா.

“பெரிய புள்ள அங்க தனியா கீறாம்மா. மெதுவா நடந்துர்றோம்.”

அம்மாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

சில மாதம் கழித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட அவள் புருஷன் மட்டும் வந்தான்.

“அவ எங்க?”

“மல ஏறும்போதே ரத்தம் ஜாஸ்தியா போயிடுச்சுங்க. ஊரு போய்ச் சேரல.”

அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் ஆகி வாசலுக்கு வரும் யாரையும் அவள் விசாரிக்காமல் விட்டதில்லை.

இன்று பக்கத்துக் கட்டில் பெண் கிளம்பினாள். அசந்து கிடந்த அம்மா கண் திறந்தாள்.

“போறதுக்கு வண்டி வந்துடுச்சாம்மா?”