வாய்விட்டுச் சிரித்தவள்

அம்மா வீட்டுப் பெண்களுக்குச் சிரிப்பு ஒரு வியாதி. வந்துவிட்டால் தோள் குலுங்கும், கண்ணில் நீர் கட்டும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அம்மா மட்டும் அதிலிருந்து குணமானவள். கல்யாணமாகி வந்த புதிதில் அப்பா வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல்லோடு விட்டுவிட்டாளாம். என்ன சொல் என்று எங்களிடம் சொன்னதில்லை.

தாயில்லாத தங்கையை அம்மாதான் பொழிச்சலூரில் எங்களோடு வைத்து வளர்த்தாள். சித்தி சிரிக்கும்போதெல்லாம் “பல்லு தெரியுது” என்பாள். சித்திக்கு அதற்கும் சிரிப்பு வரும்.

நான் ஐந்தாவது படிக்கும்போது சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலிருந்தே அம்மா பாடம் நடத்தினாள். “கேட்டா மட்டும் பேசு. தயவுசெஞ்சு சிரிச்சுத் தொலைக்காத.”

எங்கள் பகுதியில் விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது போனதும் தொடர்வோம். வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மாப்பிள்ளை ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. குரலை உயர்த்தினார். சட்டென்று இரைச்சல் அடங்க, “எனக்கு ரசம்னா உயிர்!” என்ற அவருடைய கத்தல் மட்டும் கூடத்தின் நடுவே தனியாக நின்றது.

சித்தி ஒரு நொடி தாக்குப்பிடித்தாள். பிறகு வெடித்தாள். மாப்பிள்ளை காது சிவந்து, அவரும் சிரித்தார். அவருடைய அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சமையலறை வாசலில் கேசரித் தட்டோடு நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது. “உங்க தங்கச்சி வந்தா எங்க வீடே கலகலன்னு இருக்கும்மா.”

“ஜாதகம் பொருந்தலீங்க. மன்னிச்சுக்குங்க” என்று அம்மா போனை வைத்தாள்.

“பொருத்தம் பாத்துட்டுத்தானேக்கா வரச் சொன்ன?” என்றாள் சித்தி.

“இன்னிக்கு ரசிப்பாங்கடி. நாளைக்கு அதையே சொல்லிக் காட்டுவாங்க. எனக்குத் தெரியும்.”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த தையில் சித்தியைக் குன்றத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். யாரும் குரல் உயர்த்தாத, நல்ல குடும்பம். போன தீபாவளிக்கு அங்கே போயிருந்தேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்த சித்தி மகள் தோள் குலுங்கச் சிரித்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி திரும்பிக்கூடப் பார்க்காமல், “பல்லு தெரியுது” என்றாள். அந்தப் பெண் டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டது. சித்தி சொன்னது அச்சு அசல் அம்மாவின் குரலில்.

அன்று அந்த போனுக்குப் பிறகு சித்தி அழுதுகொண்டே மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். நான் அம்மாவைத் தேடிப் போனேன். படுக்கையறைக் கண்ணாடி முன் நின்றிருந்தாள். வாயை அகலத் திறந்து, தோள்களைக் குலுக்கினாள். சத்தம் வரவில்லை. மூடி, மறுபடி திறந்தாள். அப்போதும் வரவில்லை.

அம்மாவுக்குப் பல்வலி என்று நினைத்தேன். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துவந்து நீட்டினேன். வாங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள்.