நான்கு முறை புது ஆள்

தையல் கம்பெனி சூப்பர்வைசர் என்றால் தையலைப் பார்ப்பவள் என்று நினைப்பீர்கள். என் நேரத்தில் பாதி, வேலைக்கு வராத பெண்களின் வீட்டு வாசலில்தான் போகிறது. நீங்களும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் என்றால் அந்த வாசல்கள் உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும்.

கல்யாணம்

மேலகரத்தில் எங்கள் கம்பெனியில் நான் சேர்ந்தபோது, சட்டைக்குக் காலர் வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் பேச்சியம்மாள். என் வயதுதான். கை அப்படி ஓடும். கல்யாணத்துக்கு லீவு போட்டவள் திரும்ப வரவில்லை. அவள் வாக்கப்பட்ட அச்சன்புதூருக்கே போய்க் கேட்டேன். மாமியார் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சொன்னார்: "எங்க வீட்டுப் பொம்பள வேலைக்குப் போயி நாங்க சாப்பிடணுமாக்கும்?"

கால்

மூன்று வருஷம் கழித்து, புளியறையில் லோடு இறக்கும்போது விழுந்து பேச்சியின் கணவனுக்குக் கால் முறிந்தது. மறு வாரமே அதே மாமியார் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிவந்தார். நின்றுவிட்டு வந்தால் புது ஆள் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். புது ஆள் மெஷினில் உட்கார முடியாது, துணியில் பிசிறு நூல் வெட்ட வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் கண்முன்னால் கத்தரிக்கோலோடு நின்றாள்.

கால் சரியானது. கணவனின் தம்பிக்குப் போலீஸ் வேலையும் கிடைத்தது. பேச்சி மறுபடி வரவில்லை. கணவன் என்னிடமே நியாயம் கேட்டார்: "தம்பி ஸ்டேசன்ல இருக்கான். அவன் மதினி பிசிறு வெட்டப் போனா நாலு பேரு என்ன பேசுவாவ, சொல்லுங்க."

சீசன்

போலீஸ் தம்பி தனிக்குடித்தனம் போனான். பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனார்கள். கௌரவம் ஃபீஸ் கட்டுமா? பேச்சி திரும்ப வந்தாள், திரும்பப் பிசிறு. முதலாளியிடம் மாதக்கணக்கில் சண்டை போட்டு, இரண்டாவது லைனுக்கு அவளை சூப்பர்வைசராக்கச் சம்மதிக்கவைத்தேன். அவசர ஆர்டர், முடியும்வரை லீவு போடக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

குற்றாலத்தில் சாரல் விழுந்தது. அவள் கணவனின் சொந்தம் மொத்தமும் அருவியில் குளிக்க அவள் வீட்டில் வந்து இறங்கியது. நான்கு நாள் பார்த்துவிட்டுப் போனேன். கொடி நிறைய ஈரத்துண்டு. பேச்சி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு வராட்டா வேற ஆளப் போட்டுருவாங்க" என்றேன். ஈரத் தலையோடு நாத்தனார் வந்தார். "வருசத்துக்கு ஒருக்க வாரோம், ரெண்டு தோசை சுட ஆளில்லன்னா எப்படி?"

"ஏன், உங்க கைக்கு என்ன?" என்று கேட்டுவிட்டேன். பேச்சி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ போடி. அருவியில தண்ணி நிக்கட்டும், வந்துருதேன்."

தண்ணீர் நின்றதும் வந்து, நான்காவது முறையாகப் புது ஆளாகிப் பிசிறு வெட்டுகிறாள். அவளுக்கு மேலே நான் சூப்பர்வைசராக இருப்பதற்கு ஒரே காரணம், கல்யாணமாகாத என் வீட்டுக்கு அருவியில் குளிக்க யாரும் வருவதில்லை என்பதுதான்.